படையெடுத்த நாட்டுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது: ஏழு சலுகைகள், ஓர் ஒப்பீடு

ஒரு போர் இழுத்துக்கொண்டே போனால் அதைப் பற்றிய பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "ஆள் சாவது நின்றால் போதும், கேட்டதில் பாதியைக் கொடுத்து முடித்துவிடுங்கள்" என்பது ஒரு கட்சி. "அத்துமீறி நுழைந்தவனுக்கு எதற்குச் சலுகை? ஒரு சாண் நிலமும் கிடையாது, ஒரு காசும் கிடையாது" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் சலுகையை ஒரே சரக்காக எண்ணிக்கொண்டு எவ்வளவு கொடுப்பது என்பதில் மட்டும் சண்டை போடுகின்றன.

நிலம் கொடுப்பது, பொருளாதாரத் தடையைத் தளர்த்துவது, வழக்கைத் தள்ளிப்போடுவது எல்லாம் வெவ்வேறு வகை. சிலவற்றைக் கொடுத்தபின் மறுதரப்பு வாக்கு மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றில் போனது போனதுதான். கொடுப்பதன் அளவைவிட இந்த வேறுபாடுதான் முக்கியம் என்பது என் கட்சி. கீழே ஏழு சலுகைகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஆக்கிரமிப்பாளர் யார் என்பதற்கு ஐ.நா. பொதுச்சபை 1974இல் ஒரு வரையறை கொடுத்தது (தீர்மானம் 3314). ஐ.நா. சாசனத்தை மீறி முதலில் ஆயுதம் எடுத்த நாடுதான் மேலோட்டமாகப் பார்த்தால் ஆக்கிரமிப்பாளர். ஆக்கிரமிப்பால் கிடைத்த நிலத்தையோ வேறு ஆதாயத்தையோ சட்டப்படி ஏற்கக் கூடாது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சலுகை பற்றிய பேச்சு ஓய்வதில்லை. பெரும்பாலான போர்களில் ஆக்கிரமிப்பாளர் முழுசாகத் தோற்பதில்லை என்பதுதான் காரணம். தோற்காதவர் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அதற்கு ஏதோ ஒரு விலை கேட்பார்.

## எதை வைத்து எடை போடுவது

கொடுக்கிறவர் யார்? தன்னுடையதைக் கொடுக்கிறவருக்கும் அடுத்தவருடையதைக் கொடுக்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. 1938 செப்டம்பரில் மியூனிக்கில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நான்கும் உட்கார்ந்து செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப்பகுதியான சுதேதன்லாந்தை ஹிட்லருக்குக் கொடுத்தன. நிலத்துக்குச் சொந்தமான செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அந்த மேசையில் நாற்காலியே இல்லை.

மீறினால் திரும்ப எடுக்க முடியுமா? என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே எடை அதிகம்.

அடுத்த படையெடுப்புக்கு உதவுமா? கொடுத்த இடத்தில் அரண்கள் இருக்கலாம், ஆயுதத் தொழிற்சாலைகள் இருக்கலாம், படையில் சேர்க்கும் வயதில் இளைஞர்கள் இருக்கலாம்.

அங்கே வாழ்கிறவர்கள் என்ன ஆவார்கள்? வரைபடத்தில் கோடு போடும்போது மறந்துபோகிற கேள்வி இது.

மற்ற நாடுகள் என்ன கற்றுக்கொள்ளும்? படையெடுத்தால் லாபம் என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஆள் தயாராகிவிடுவார்.

இவற்றுக்கு எதிர்த்தட்டில் ஒன்றை வைத்தாக வேண்டும். கொடுக்காமல் இருந்தால் போர் எவ்வளவு காலம் நீளும், எத்தனை பேர் சாவார்கள்? கொரியாவில் பேச்சுவார்த்தை 1951 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு முக்கியமான சிக்கலாக மிஞ்சியது போர்க்கைதிகள் விவகாரம்தான். ஊர் திரும்ப விரும்பாத கைதிகளைக் கட்டாயமாக அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கத் தரப்பு. போர் நின்றது 1953 ஜூலை 27இல். அந்தக் கொள்கை சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நடுவில் செத்துப்போன சிப்பாய்களும் ஊர்மக்களும். "ஒரு அங்குலமும் கூடாது" என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

முதலில் சுருக்கமாக ஓர் அட்டவணை. விவரம் அதன்பின்.

| சலுகை | திரும்ப எடுக்க முடியுமா | மறைந்திருக்கும் செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|
| சட்டப்படி நிலம் | முடியாது | அகதிகள், பழிவாங்கும் போர், தவறான முன்னுதாரணம் | நாடே அழியும் நிலையில் மட்டும் |
| அங்கீகாரம் இல்லாத போர்நிறுத்தக் கோடு | உரிமை நிலைக்கும், நிலம் உடனே வராது | நிரந்தரக் காவல், கோட்டுக்கு அப்பால் சிக்கிய மக்கள் | இழுபறியில், உத்தரவாதத்தோடு |
| நடுநிலை, படை வரம்பு | நடுநிலையை மாற்றலாம், படை வரம்பு ஆபத்து | தனியாக நிற்க வேண்டிவரும் | சொந்தப் படைக்குத் தடை இல்லாதபோது |
| தடை தளர்வு | முடியும், வடிவமைப்பைப் பொறுத்து | வியாபார அழுத்தம், கூட்டணிச் சோர்வு | ஏறக்குறைய எப்போதும், படிப்படியாக |
| இழப்பீட்டுத் தள்ளுபடி | முடியாது | பாதிக்கப்பட்டவரே செலவைச் சுமப்பார் | தவணை மாற்றமாக மட்டும் |
| வழக்கு விலக்கு | மன்னிப்பை முடியாது, ஒத்திவைப்பை முடியும் | பாதிக்கப்பட்டவர்களின் நம்பிக்கை | ஒத்திவைப்பாக மட்டும் |
| மானம் காக்கும் ஏற்பாடு | தேவையே வராது | அநேகமாக இல்லை | எப்போதும் |

## 1. சட்டப்படி நிலம்

மியூனிக்கில் போனது நிலம் மட்டுமல்ல. செக்கோஸ்லோவாக்கியா ஜெர்மன் எல்லையில் கட்டியிருந்த அரண்வரிசையில் பெரும்பகுதி அந்த நிலத்தில்தான் இருந்தது. அரண் போனபின் மிச்ச நாட்டைக் காக்க எதுவும் இல்லை. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராகாவுக்குள் நுழைந்தது. கையெழுத்துக்கும் அதற்கும் இடையில் ஆறு மாதம்கூட ஆகவில்லை. சலுகையே அடுத்த தாக்குதலுக்கு வழிவிட்டுவிட்டது.

பின்லாந்தின் கதை வேறு மாதிரி, யோசிக்க வைப்பதும்கூட. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் தாக்கியது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் சோவியத்தை வெளியேற்றியது, அதற்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மூன்றரை மாதம் தாக்குப்பிடித்த பின்லாந்து 1940 மார்ச்சில் வீபுரி நகரத்தையும் கரேலியாவின் பெரும்பகுதியையும் விட்டுக்கொடுத்தது. 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு மிச்ச பின்லாந்துக்குள் வந்தார்கள். ஆனாலும் நாடு பிழைத்தது. அதே ஆண்டு சோவியத்தோடு இணைக்கப்பட்ட மூன்று பால்டிக் நாடுகளோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே நிலம் கொடுப்பது எப்போதுமே முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். துணைக்கு யாரும் இல்லை, படை உடையும் தறுவாயில் இருக்கிறது, அடுத்த மாதம் நாடே இருக்காது என்கிற நிலையில், தன் நிலத்தைத் தானே கொடுக்க முடிவெடுத்த அரசைக் குறைசொல்ல வெளியாருக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்த ஒப்பந்தம் வாங்கித்தந்த அமைதி எவ்வளவு நாள்? 15 மாதம். 1941 ஜூனில் இழந்ததை மீட்கும் எண்ணத்தோடு பின்லாந்து ஜெர்மனியின் பக்கம் நின்று மறுபடி போருக்குப் போனது. நிலத்தை வாங்கிக்கொண்டவர் திருப்தி அடையாமல் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இழந்தவரும் சும்மா இருக்க மாட்டார் என்பதை நிலச் சலுகையைப் பரிந்துரைக்கிறவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டச் சிக்கலும் உண்டு. உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 52ஆம் பிரிவின்படி, சாசனத்தை மீறிய படைபலத்தால் மிரட்டி வாங்கிய உடன்படிக்கை செல்லாது. அப்படியானால் ஆக்கிரமிப்பாளர் பெறும் பத்திரமே சட்டத்தின் கண்ணில் ஓட்டை. பின்னால் வரும் எந்த அரசும் "இது மிரட்டி வாங்கியது" என்று கிளப்பலாம். நிலத்தைக் கொடுத்தும் பிரச்சினை தீராது.

மக்கள் விஷயம் இன்னும் மோசம். இணைக்கப்பட்ட பகுதியின் இளைஞர்கள் ஆக்கிரமிப்பாளரின் படையிலேயே சேர்க்கப்படுவார்கள். உக்ரைனிடமிருந்து பிடித்த கிரைமியாவிலும் கிழக்கே டான்பாஸிலும் ரஷ்யா இதைச் செய்தது. நேற்று வரை தன் குடிமகனாக இருந்தவனை எதிர்த்து நாளை சண்டை போட வேண்டிவரும்.

## 2. அங்கீகாரம் இல்லாத போர்நிறுத்தக் கோடு

படைகள் நிற்கிற இடத்தில் நிற்கட்டும், துப்பாக்கிகள் ஓயட்டும், ஆனால் யாரும் யாருடைய உரிமையையும் ஏற்க வேண்டாம். இழுபறிப் போர்களில் அநேகமாக இங்கேதான் போய் நிற்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நிலம் கொடுப்பதுபோலவே தெரியும். கையெழுத்து எங்கே விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அங்கீகரிக்க மறுப்பது வெறும் வீம்பு என்று நினைப்பவர்கள் பால்டிக் நாடுகளைப் பார்க்கலாம். 1940இல் எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் சோவியத்தோடு சேர்க்கப்பட்டபோது அமெரிக்கா அதை ஏற்கவில்லை. இல்லாத நாடுகளின் தூதரகங்கள் வாஷிங்டனில் அரை நூற்றாண்டு இயங்கின. 1991இல் அவை புதிய நாடுகளாகப் பிறக்கவில்லை, பழைய குடியரசுகளின் தொடர்ச்சியாகவே திரும்பி வந்தன. சைப்ரஸும் அப்படித்தான். 1974இல் பிளவுபட்ட தீவின் வடபகுதியில் 1983இல் அறிவிக்கப்பட்ட அரசைத் துருக்கி தவிர யாரும் ஏற்கவில்லை. 2004இல் சைப்ரஸ் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சட்டப்படி முழுத் தீவுமே சேர்ந்தது, வடக்கில் ஒன்றியச் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. கொரியாவையும், டான்பாஸ் சண்டையை நிறுத்த எழுதிய மின்ஸ்க் உடன்பாடுகளையும் பக்கத்தில் வைத்தால் அது தெரியும்.

கொரியாவில் நடுவே 4 கிலோமீட்டர் அகலப் படைவிலக்கப் பகுதி வந்தது. தென்கொரியத் தலைவர் சிங்மன் ரீ கையெழுத்தே போடவில்லை. அமைதி உடன்படிக்கை இன்று வரை இல்லை. ஆனால் போர் நின்ற சில மாதங்களுக்குள், 1953 அக்டோபர் 1 அன்று, அமெரிக்காவும் தென்கொரியாவும் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அமெரிக்கப் படை அங்கேயே தங்கியது. கோடு எழுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

2014 செப்டம்பரிலும் 2015 பிப்ரவரியிலும் மின்ஸ்கில் எழுதிய உடன்பாடுகளிலும் கோடு இருந்தது, கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள், பின்வாங்க வேண்டிய தூரங்கள்கூட எழுதப்பட்டிருந்தன. மீறினால் யார் என்ன செய்வார்கள் என்பது மட்டும் இல்லை. 2014 முதல் 2021 வரை டான்பாஸில் 14,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று முழுப் படையெடுப்பு வந்தது. உறைந்த கோடு ஆக்கிரமிப்பாளருக்கு ஓய்வெடுக்கும் காலமாக ஆகிவிட்டது.

எனவே கோட்டை மட்டும் தனியாகப் பேசுவதில் அர்த்தம் இல்லை. பாதுகாப்பு உத்தரவாதமும் சேர்ந்து வந்தால் இது ஏழில் மிகவும் தாங்கக்கூடியது. இல்லாவிட்டால் நிலம் கொடுத்ததைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது. உத்தரவாதத்தின் செலவும் சின்னதல்ல, தலைமுறைக் கணக்கில் ஓடும் படைச் செலவு அது. அப்புறம், கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களின் வாழ்க்கை. கொரியாவில் பிரிந்த குடும்பங்களில் எத்தனையோ பேர் ஒருவரை ஒருவர் மறுபடி பார்க்காமலே கண்மூடினார்கள்.

## 3. நடுநிலை, படை வரம்பு

இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் ஆக்கிரமிப்பாளர் மேசையில் வைப்பார். பிரித்துப் பார்க்க வேண்டும்.

ராணுவக் கூட்டணியில் சேராமல் இருப்பதை ஒரு நாடு தன் விருப்பத்தோடு ஏற்றால் அது வாழக்கூடிய ஏற்பாடுதான். 1955இல் ஆஸ்திரியா நிரந்தர நடுநிலையை அறிவித்தது, சோவியத் படை உட்பட எல்லா அந்நியப் படைகளும் வெளியேறின, நாடு செழித்தது. இந்த முடிவைப் பின்னால் மாற்றவும் முடியும். நெடுங்காலம் கூட்டணி சேராமல் இருந்த பின்லாந்து 2023 ஏப்ரலிலும் சுவீடன் 2024 மார்ச்சிலும் நேட்டோவில் சேர்ந்தன.

ஆனால் நடுநிலை மட்டுமே கவசம் ஆகாது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839இல் வல்லரசுகள் உத்தரவாதம் தந்தன, அதில் பிரஷ்யாவும் ஒன்று. 1914இல் உள்ளே புகுந்தது அதன் வாரிசான ஜெர்மனிதான். உக்ரைன் 2010இலேயே அணிசேரா நிலையைச் சட்டமாக்கியிருந்தது. கிரைமியா பறிபோன 2014 மார்ச்சில் அந்தச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது.

தாக்கப்பட்ட நாட்டின் படைக்கு உச்சவரம்பு வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். 2022 வசந்தத்தில் இஸ்தான்புல் பேச்சுவார்த்தையை ஒட்டிய வரைவுகளில் உக்ரைன் படை 85,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றது ரஷ்யா, உக்ரைன் கேட்டது 2,50,000. அதோடு, உத்தரவாதம் தரும் நாடுகள் உதவிக்கு வர வேண்டுமானால் அவை எல்லாமே சம்மதிக்க வேண்டும் என்றது ரஷ்யத் தரப்பு. உத்தரவாதம் தருவோர் பட்டியலில் ரஷ்யாவும் இருந்தது! தாக்குகிறவரின் அனுமதி கிடைத்தால்தான் காப்பாற்ற வரலாம் என்று அதற்குப் பொருள்.

## 4. பொருளாதாரத் தடை தளர்வு

நான் அதிகம் நம்புவது இந்தச் சலுகையைத்தான். கொடுப்பவை தாக்கப்பட்ட நாட்டின் சொத்தும் அல்ல, ஆக்கிரமிக்கப்பட்ட மக்களின் வாழ்க்கையும் அல்ல. ஆக்கிரமிப்பாளருக்கும் இது உண்மையாகவே வேண்டும். சரியாக எழுதினால் திரும்பப் பெறவும் முடியும்.

சரியாக எழுதுவது எப்படி என்பதற்கு 1995 நல்ல பாடம். போஸ்னியப் போரில் செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் சேர்ந்த யூகோஸ்லாவியா மீது 1992 முதல் கடும் தடை இருந்தது. அமெரிக்காவின் டேட்டனில் போஸ்னியப் போரை முடிக்கும் உடன்பாடு எட்டியதும் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 1022 மூலம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது, ரத்துச் செய்யவில்லை. உடன்பாடு மீறப்படுவதாகப் போஸ்னியாவுக்கான உயர் பிரதிநிதியோ அங்கிருந்த பன்னாட்டுப் படையின் தளபதியோ அறிக்கை கொடுத்தால் தடை மறுபடி அமலாகும் என்று எழுதினார்கள். முழு ரத்து வந்தது 1996 அக்டோபரில், போஸ்னியத் தேர்தல் முடிந்தபின். புதிதாக ஓட்டெடுப்பு நடத்தாமலே திரும்பி வரக்கூடிய தடை என்பதால் அதற்குப் பல் இருந்தது.

ஆக்கிரமிப்பாளரே பாதுகாப்பு கவுன்சிலில் வீட்டோ வைத்திருந்தால்? அப்போது கவுன்சில் வழியே தடை போட்டிருக்கவும் முடியாது, அதை நம்பவும் முடியாது. தடை போட்ட நாடுகளின் சொந்தச் சட்டங்கள்தான் கருவி. அங்கே வேறொரு பலவீனம். ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யா மீது போட்ட பொருளாதாரத் தடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொண்டு நீட்டிக்க வேண்டும் என்றுதான் ஏற்பாடு வைத்துக்கொண்டது. ஒரே ஒரு நாடு முறுக்கிக்கொண்டால் போதும். தடையைத் தளர்த்தும்போது இதைத் தலைகீழாக்க வேண்டும். காலாவதி தேதி தளர்வுக்குத்தான் இருக்க வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தளர்வு நீளும், நீட்டிக்காவிட்டால் தடை தானாகத் திரும்பும். 2015இல் ஈரான் அணு உடன்பாட்டுக்கு இப்படி ஒரு வழி வைத்தார்கள். தடை திரும்புவதை யாரும் வீட்டோவால் தடுக்க முடியாதபடி தீர்மானம் எழுதப்பட்டது. 2025 செப்டம்பரில் அது செயலுக்கும் வந்தது. போர் முடிக்கும் உடன்பாடு அல்ல என்றாலும் கருவி வேலை செய்யும் என்று தெரிந்தது.

மறைந்திருக்கும் செலவைச் சொல்லாமல் விடக் கூடாது. தடை தளர்ந்ததும் நிறுவனங்கள் திரும்பிப் போகும், எரிவாயுக் குழாய் திறக்கும், அவற்றை நம்பி வேலைவாய்ப்பு உருவாகும். அப்புறம் மீறல் நடந்தால், "சின்ன மீறல்தானே" என்று சொல்ல உள்நாட்டிலேயே ஆள் இருப்பார்கள். அதனால் போர்த்தளவாடத்துக்கு உதவும் பொருள்களைக் கடைசியில் விட வேண்டும், நுகர்பொருள், விமானப் போக்குவரத்து, விளையாட்டு, கலாச்சாரம் போன்றவற்றை முதலில் விடலாம்.

முடக்கப்பட்ட பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் மேற்கு நாடுகளில் முடங்கியது, பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் என்ற நிதி நிறுவனத்தில். தடையை மறுபடி போடலாம், விட்ட பணத்தை மறுபடி பிடிக்க முடியாது. தளர்வு என்ற பெயரில் அதையும் சேர்த்துக் கேட்டால் அது இழப்பீட்டுத் தள்ளுபடியின் மறுபெயர்.

## 5. இழப்பீட்டுத் தள்ளுபடி

"முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தைப் பாருங்கள், ஜெர்மனியிடம் அடாத தொகை கேட்டதால்தான் அடுத்த போர் வந்தது" என்பது வழக்கமான வாதம். 1921இல் நிர்ணயித்தது 132 பில்லியன் தங்க மார்க். ஆனால் அதில் 82 பில்லியன் எப்போதும் வசூலாகாது என்று தெரிந்தே காகிதத்தில் போட்ட தொகை, நிஜமாகக் கேட்டது 50 பில்லியன்தான். வெற்றி பெற்ற நாடுகளின் மக்களைத் திருப்திப்படுத்தப் பெரிய எண் தேவைப்பட்டது. அந்தப் பெரிய எண்ணே ஜெர்மனியின் தீவிரவாதிகளுக்கு மேடைப் பேச்சாகிப்போனது. எண்ணைப் பெரிதாக அறிவித்துக் குறைவாக வாங்குவதைப்போல மோசமான வழி இல்லை.

ஈராக் குவைத்துக்குள் படையெடுத்த விவகாரத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். 1991இல் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது, ஆரம்பத்தில் உச்சவரம்பு 30 சதவீதம், 2003க்குப் பின் 5. சுமார் 350 பில்லியன் டாலர் கேட்டு வந்த மனுக்களில் ஏற்கப்பட்டது 52.4 பில்லியன். தனிமனிதர்களின் மனுக்களுக்கு முன்னுரிமை கிடைத்தது, அரசுகளும் எண்ணெய் நிறுவனங்களும் பின்னால் வரிசையில் நின்றன. உள்நாட்டுப் போரால் ஈராக் திணறிய 2014இல் வசூல் நிறுத்திவைக்கப்பட்டது, 2018இல் மறுபடி தொடங்கியது, 2022 ஜனவரியில் முழுசாகத் தீர்ந்தது. மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது.

இதிலிருந்து நான் எடுப்பது: தவணையைத் தளர்த்தலாம், சதவீதத்தைக் குறைக்கலாம், நெருக்கடியில் நிறுத்திவைக்கலாம். அசலைத் தள்ளுபடி செய்யக் கூடாது. தள்ளுபடி செய்தாலும் இடிந்த வீடு இடிந்ததுதான், கட்டும் செலவு தாக்கப்பட்டவரின் வரிப்பணத்துக்கு மாறும். தனிமனிதர் கேட்கும் இழப்பீட்டை அவருடைய அரசே மேசையில் விட்டுக்கொடுப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

## 6. வழக்கிலிருந்து விலக்கு

தலைவர்களுக்குச் சிறை உறுதி என்றால் அவர்கள் போரை நிறுத்த மாட்டார்கள் என்பார்கள். போஸ்னியாவில் நடந்தது அப்படி இல்லை. போஸ்னிய செர்பியர்களின் தலைவர் கராட்சிச்சும் அவர்களின் தளபதி மிலாடிச்சும் 1995 ஜூலையில் குற்றம் சாட்டப்பட்டதால் டேட்டனுக்கு வர முடியவில்லை. கடும்போக்காளர்கள் மேசையில் இல்லாததால் பேச்சு எளிதானது. 1999 மே மாதம் கொசோவோ போர் நடக்கும்போதே யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச் மீது குற்றப்பத்திரிகை வந்தது, ஜூனில் அவர் பின்வாங்க ஒப்புக்கொண்டார். 2001இல் விசாரணைக்காக ஹேக் நகருக்கே அனுப்பப்பட்டார்.

மறுபக்கம் 1971 போருக்குப் பிந்தைய கதை. பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் அளவில் பிடிபட்டவர்களில் 195 பேரைப் போர்க்குற்றத்துக்காக விசாரிக்கப் போவதாக வங்கதேசம் சொன்னது. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது, ஏப்ரலில் இந்தியாவையும் சேர்த்து மூன்று நாடுகளும் டெல்லியில் செய்த உடன்பாட்டில் அந்த விசாரணை கைவிடப்பட்டது. பாதிக்கப்பட்ட நாடே, தனக்கு அப்போது உயிர்நாடியாக இருந்த அந்த அங்கீகாரத்துக்காக விட்டுக்கொடுத்தது. முதல் அளவுகோலில் இது தேறும். ஆனால் அந்தக் கணக்கு தீராமலே கிடக்கிறது, இரு நாடுகளின் உறவில் மன்னிப்புக் கோரிக்கை மறுபடி மறுபடி எழுகிறது.

இரண்டுக்கும் நடுவில் அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம், 16ஆம் பிரிவு: பாதுகாப்பு கவுன்சில் கேட்டால் விசாரணையை 12 மாதம் ஒத்திவைக்கலாம், வேண்டுமானால் புதுப்பிக்கலாம். மன்னிப்பைப்போல இது கதவை அடைப்பதில்லை. ஒழுங்காக நடந்தால் ஆண்டுதோறும் நீளும், மீறினால் பிடியாணைக்கு உயிர் வரும். வழக்கு விஷயத்தில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் இதற்கு மேல் போக மாட்டேன். கொலையும் சித்திரவதையும் செய்தவர்களுக்கு இதுவும் கூடாது, போரைத் தொடங்கிய குற்றத்துக்கு மட்டும்.

## 7. மானம் காக்கும் ஏற்பாடுகள்

குறைந்த செலவில் அதிகம் சாதிப்பது இது. 1945 ஆகஸ்டில் ஜப்பானின் ஆட்சியாளர்கள் பேரரசர் என்ன ஆவார் என்பதில்தான் கடைசியாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பேரரசரின் அதிகாரம் நேசநாட்டுத் தளபதிக்குக் கீழ்ப்பட்டது என்று அமெரிக்கா பதில் அனுப்பியது. பதவி போகும் என்றும் சொல்லவில்லை, நிலைக்கும் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளி சரணடைய இடம் கொடுத்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஈக்வடாரும் பெருவும். 1995இல் நடந்த அந்தச் சண்டையை யார் தொடங்கினார்கள் என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. 1998இல் எல்லை பெருவின் பக்கம் சாய்ந்தது. ஈக்வடார் வீரர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த திவின்சாவில் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தை மட்டும் ஈக்வடாருக்குத் தனியார் சொத்துபோல எழுதிக்கொடுத்தார்கள். இறையாண்மை பெருவுக்கே. உள்ளூரில் காட்டிக்கொள்ள ஈக்வடார் அரசுக்கு ஒன்று கிடைத்தது, பெரு எதையும் இழக்கவில்லை.

இதே வகையில் இன்னொன்று, உரிமைக் கோரிக்கையைச் சொல்ல ஒரு மேடை. எரித்ரியாவும் எத்தியோப்பியாவும் 1998 முதல் 2000 வரை சண்டையிட்டபின் எல்லையை ஓர் ஆணையத்திடமும் இழப்பீட்டை இன்னோர் ஆணையத்திடமும் விட்டன. 2002இல் சர்ச்சைக்குரிய பாட்மே எரித்ரியாவுக்கு என்று தீர்ப்பு வந்தது. 2005இல் போரைச் சட்டவிரோதமாகத் தொடங்கியது எரித்ரியாதான் என்று மற்ற ஆணையம் சொன்னது. நிலத்தில் நியாயம் இருந்தாலும் அதற்காகப் படையெடுத்தது குற்றம் என்று இரண்டையும் பிரித்துக் காட்டிய அபூர்வமான தீர்ப்பு. எத்தியோப்பியா எல்லைத் தீர்ப்பை 2018 வரை முழுசாக ஏற்காமல் இழுத்தடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீதிமன்றத்துக்குத் தனியாகக் காவல்காரர் கிடையாது.

## எந்த நிலைமையில் எது

ஆக்கிரமிப்பாளர் தோற்றுவிட்டார். தாராளம் காட்ட வேண்டிய நேரம் இதுதான், ஆனால் நிலத்தில் அல்ல, மரியாதையிலும் பொருளாதாரத்திலும். நெப்போலியன் தோற்றபின் 1815இல் பிரான்ஸிடம் 70 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் கொண்ட படையை ஐந்து ஆண்டு வரை நிறுத்தலாம் என்றார்கள். எல்லையோ கிட்டத்தட்ட 1790இல் இருந்தபடியே விடப்பட்டது. பிரான்ஸ் பணத்துக்கு ஏற்பாடு செய்ததும் மூன்றே ஆண்டில், 1818இல், படை வெளியேறியது, வல்லரசுகளின் கூட்டத்தில் பிரான்ஸுக்கும் இடம் கிடைத்தது.

இழுபறி. அங்கீகாரம் இல்லாத கோடு, அதற்குப் பின்னால் உண்மையான படையோடு உத்தரவாதம், காலாவதி தேதியோடு தடை தளர்வு. இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு சலுகை. ஆக்கிரமிப்பாளர் உத்தரவாதத்தை மட்டும் வெட்டச் சொன்னால் அவர் அடுத்த தாக்குதலுக்கு நாள் பார்க்கிறார் என்றே எடுத்துக்கொள்வேன்.

ஆக்கிரமிப்பாளர் முன்னேறிக்கொண்டிருக்கிறார். இங்கே தாக்கப்பட்ட நாட்டுக்கு வெளியார் அறிவுரை சொல்வதில் எனக்குக் கூச்சம் உண்டு. இருந்தாலும் வரிசை பற்றிச் சொல்லலாம். கைதிகளும் பிடித்துச் செல்லப்பட்ட குழந்தைகளும் முதலில் திரும்ப வேண்டும், அதற்குப் பேரமே கூடாது. அடுத்தது போர்நிறுத்தமும் கண்காணிப்பும். தடை தளர்வின் முதல் தவணை அதற்குப் பின்னால்தான். நடுநிலை பற்றிய பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் அந்த நாட்டு மக்களின் வாக்கெடுப்போடு.

எந்த நிலைமையானாலும் வரைவில் நான் முதலில் தேடுவது, மீறல் நடந்ததா என்று முடிவு செய்வது யார் என்ற வரியை. டேட்டனுக்குப் பிந்தைய தீர்மானத்தில் அதற்கு ஆள் இருந்தார், அவருடைய அறிக்கைக்கு உடனடி விளைவும் இருந்தது. மின்ஸ்கில் கண்காணிப்பாளர்கள் ஒவ்வொரு நாளும் மீறல்களை எண்ணி எழுதினார்கள், அந்த எண்ணிக்கையால் எதுவும் நகரவில்லை. அந்த வரி இல்லாத சமாதான உடன்படிக்கை மேசைக்கு வந்தால், வெறும் போர்நிறுத்தத்தோடு நிறுத்திக்கொண்டு, ஒரு சலுகையும் கொடுக்காமல் பேச்சைத் தொடர்வதே மேல்.